பூட்டிக் கிடந்த ஆறு அறைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஜெனியை ஊருக்கு வழியனுப்ப.

ஜெனிக்குப் பதினாலு வயது. அம்மா ஸ்டெல்லாவை டெல்லியில் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள். கூட்டிப் போக மாமா வந்திருந்தார்.

ஸ்டெல்லா நர்ஸ். என் கணவருக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றியவள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா. அவள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஜெனி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான்.

“ஆன்ட்டி, அங்க தமிழ் கம்பல்சரியா? எனக்குப் பேசத்தான் வரும். லிக்னா நஹி ஆத்தா, எழுத வராது” என்றாள் ஜெனி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“சித்தி சொல்லிக் குடுப்பா. சீக்கிரம் வந்துடும்” என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் ஏன் போகிறாள் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதில் எனக்கும் பங்கிருக்கிறது.

எங்கள் காலனி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு அரசுப் பள்ளி. ஜெனி படித்தது அங்கேதான். பள்ளியின் முன்பக்கக் கட்டடத்தை ஒரு தனியார் பள்ளிக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்பது காரணம். பெற்றோர்கள் கேட் முன்னால் அட்டை பிடித்து உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். மூன்றாவது நாள் வரவில்லை.

இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம் – நானும் எழுதினேன். தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறேன், மாடியில் ஆறு அறைகள் எப்போதும் பூட்டியே கிடக்கின்றன... சும்மா பாழாவதைவிட யாரோ நாலு குழந்தைகள் படிக்கட்டுமே, இதற்குப் போய் ஏன் சண்டை என்று. படித்தவர்கள் பலர் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்துபோனேன்.

பிறகு பள்ளி முற்றத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஸ்டெல்லா கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. வெயிலாக இருந்தது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் தனியார் பள்ளித் தரப்பில் ஒருவர் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து ஹிந்தியில் வாசித்திருக்கிறார். “இதே காலனியில் இருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரே இப்படிச் சொல்கிறார்” என்று. என் பத்தி. யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தரையில் உட்கார்ந்து ஸ்டெல்லா அதைக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கோபப்படவில்லை.

“அந்த ரூமெல்லாம் காலி இல்லக்கா. சீலிங் பேந்து விழுதுன்னு பூட்டி வச்சிருக்காவ. ரிப்பேர் பண்ணித் தாங்கன்னு மூணு வருசமா எழுதிக் குடுக்கோம். அந்த ரூம் பிள்ளைங்கதான் கீழ வராண்டாவுல பாயப் போட்டு உக்காந்து படிக்கு.”

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நீங்க எழுதுனது நல்லாத்தான் இருந்திச்சுக்கா. ஒரு நடை உள்ள வந்து பாத்திருக்கலாம்லா?”

ரோட்டைத் தாண்டினால் பள்ளி. ஒரு நிமிட நடை.

அந்த வாரமே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். நான் தவறாக எழுதிவிட்டேன், அந்த அறைகள் காலியில்லை என்று. நேரில் போய்க் கொடுத்துவிட்டும் வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் குத்தகை முடிவாகிவிட்டது.

மூன்று வருடமாகப் பெயர்ந்து கிடந்த சீலிங், புதியவர்கள் வருவதற்குள் ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது. முற்றத்தின் நடுவே தகரத் தடுப்பு வைத்தார்கள். சயன்ஸ் லேப் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே படித்த பிள்ளைகளை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே மதிய ஷிஃப்ட். டெல்லிக் குளிர்காலத்தில் பள்ளி விடும்போது இருட்டிவிடும். பஸ்ஸில் கூட்டம். ஸ்டெல்லாவுக்கோ ஆஸ்பத்திரி டூட்டி. கூட்டி வர ஆளில்லை.

“நான் போய்க் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

“எத்தன நாளைக்குக்கா?” என்று கேட்டாள் ஸ்டெல்லா. குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். என் கணவருக்குச் சாயங்காலம் மாத்திரை கொடுக்கும் நேரமெல்லாம் அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. என்னால் முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒரு மாதம் ஜெனி தனியாகவே போய் வந்தாள். ஒருநாள் பஸ்ஸில் எவனோ தொந்தரவு செய்ய, பாதி வழியில் இறங்கி அழுதுகொண்டே நடந்து வந்திருக்கிறாள். அன்றைக்கே ஸ்டெல்லா ஊருக்கு போன் போட்டுவிட்டாள்.

ரயில் கிளம்பியது. ஜெனி அழவில்லை. “மம்மி, சாப்பிடாம டூட்டிக்குப் போகாத” என்றாள். ஸ்டெல்லா தலையாட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ரயிலோடு நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

திரும்பும்போது இருவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் முன் என் கையைப் பிடித்தாள்.

“மனசுல வச்சுக்கிடாதீங்கக்கா. நீங்க எழுதாட்டாலும் குடுத்துதான் இருப்பாவ.”

இருக்கலாம். ஆனால் அதை அவள் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது.