தடங்கல் என்ன என்று கேட்டார்கள்

எங்கள் கம்பெனி முழுவதையும் அஜைல் முறைக்கு மாற்றியபோது நான் நண்டு உரிக்கும் கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போதும் அதே வேலைதான். அந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. "ஆரம்பிச்சுட்டியா" என்று சொல்லிவிட்டு என் கணவர் வாசல் பக்கம் போய்விடுவார். வாயால் சொன்னால் கத்திவிடுகிறேன் என்பதால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

மணமேல்குடியைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஆலை இருக்கிறது. படகிலிருந்து இறங்கும் நண்டை வேகவைத்து, ஐஸில் ஆறவைத்து, ஓட்டை உடைத்துச் சதையை மட்டும் எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். உரிப்பவர்கள் எல்லாரும் பெண்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அத்தனையிலிருந்தும் வேனில் வருவார்கள். தலைமை அலுவலகம் புதுக்கோட்டை டவுனில். முதலாளிக்கு வயதாகி, பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த மகளைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார். நாங்கள் அவரைப் புது மேடம் என்போம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வந்த வேகத்தில் புது மேடம், சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை நடத்தும் அஜைல் என்ற முறைக்குக் கம்பெனி முழுவதையும் மாற்றப் போவதாக அறிவித்தார். கணக்குப் பிரிவு, ஐஸ் பிளாண்ட், லாரி டிரைவர்கள், உரிக்கும் கூடம், ஒன்றையும் விடவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வகுப்பு. எங்கள் பெண்கள் விசேஷத்துக்குக் கட்டும் சேலையில் தலை நிறையப் பூவோடு வந்து இறங்கினார்கள். 'கோச்' என்று பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் பழைய செய்தித்தாளைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார். டிரைவர்கள் கட்டிய கோபுரம் ஃபேன் காற்றில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதன் பிறகு பயிற்சியாளர் பேசினார், மேடம் தமிழில் சொன்னார். வேலை செய்கிறவருக்குத்தான் வேலையின் கஷ்டம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். தினம் காலையில் ஒவ்வொரு குழுவும் வட்டமாக நின்று பேச வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், தடங்கல் என்ன. தடங்கலைச் சொன்னவர் மேல் ஒரு பழியும் வராது.

எங்கள் கூடத்திலேயே மூத்த அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். கட்டுமாவடிப் பக்கத்துக்காரர். அவர் பேசினால் ஐஸ் பிளாண்ட் வரைக்கும் கேட்கும். கணவர் சவுதியில் இருந்து உடம்பு முடியாமல் திரும்பி வந்தவர். வீடு இந்த அக்காவின் கையை நம்பித்தான் ஓடியது.

"என்ன வேணாலும் சொல்லலாமா தாயி?"

"என்ன வேணாலும் சொல்லுங்க. நான் பொறுப்பு," என்றார் மேடம்.

நான் பொறுப்பு. அந்த இரண்டு வார்த்தையையும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம்.

மறுநாளிலிருந்து காலையில் கூட்டம். கோட்டும் தொப்பியும் கம்பூட்டும் போட்டுக்கொண்டு, கூடத்தில் புதிதாக மாட்டிய போர்டு முன்னால் வட்டமாக நின்றோம். ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "நேத்தும் நண்டு உரிச்சேன், இன்னைக்கும் நண்டு உரிப்பேன், நாளைக்குக் கேட்டாலும் இதேதான். தடங்கல்னா அந்த நண்டோட ஓடுதான்" என்று ஒருத்தி சொல்ல, வட்டமே குலுங்கியது. ஆனால் சீக்கிரமே உண்மையான தடங்கல்கள் வர ஆரம்பித்தன. கையுறை பெரிதாக இருக்கிறது, விரலில் நிற்காமல் வழுக்குகிறது என்று ஒரு பெண் சொன்னாள். மஞ்சள் சீட்டில் எழுதிப் போர்டில் ஒட்டினேன். அந்த வாரத்துக்குள் சின்ன அளவுக் கையுறை வந்துவிட்டது. வருஷக்கணக்காக நான் கேட்டு வராத கையுறை அது. எனக்கு நம்பிக்கை வந்தது. அவர்களுக்கும் வந்தது. வந்திருக்கவே கூடாது என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் அந்த அக்காவின் முறை வந்தது.

"தடங்கல், கக்கூஸ் சாவி," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

ஆலையில் பெண்களுக்கு ஒரே கழிவறை. அது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி ஆலை மேனேஜரின் அறையில் ஆணியில் தொங்கும். போகவேண்டும் என்றால் அவர் அறைக்குப் போய், லாரி டிரைவரும் ஐஸ்காரரும் உட்கார்ந்திருக்கும்போது, அவரிடம் சாவி கேட்க வேண்டும். "இப்பத்தான ஒருத்தி போனா" என்பார். சில நேரம் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பார். எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இவர்கள் நிற்பார்கள். இது சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடம், ஆளாளுக்கு வெளியே போய்வந்தால் சுத்தம் கெடும் என்பது அவருடைய நியாயம். அதற்குப் பயந்து பாதிப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மாதவிலக்கு நாளில் லீவு போட்டுவிடுவார்கள். நீர்க்கடுப்பு எங்கள் கூடத்தில் ஜலதோஷம் மாதிரி.

நான் மஞ்சள் சீட்டில் 'கழிவறைச் சாவி' என்று எழுதி ஒட்டினேன். மதியம் வந்து பார்த்தால் சீட்டு இல்லை.

"போர்டு போட்டோ தினம் ஹெட் ஆபீசுக்குப் போகுதும்மா," என்றார் மேனேஜர். "கக்கூஸையெல்லாம் அதுல எழுதுவீங்களா? டீசன்சி வேணாமா?"

"தடங்கல்னு சொன்னா எழுதணும்னுதான் சார் மேடம் சொன்னாங்க."

"தொழில் சம்பந்தமா இருந்தா எழுதுங்க."

மறுநாள் அக்கா அதையே சொன்னார். நான் எழுதி ஒட்டினேன். அது காணாமல் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இதற்கிடையில் போர்டில் இன்னொன்று முளைத்தது. ஒவ்வொரு மேஜையும் எவ்வளவு உரித்தது என்று ஒரு எண். அதற்கு வேகம் என்று பெயர். ஒரு குழு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத்தான் அது, மற்ற குழுவோடு ஒப்பிடக் கூடாது என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மேனேஜர் தினமும் அதைச் சத்தமாக வாசித்து, கடைசி மேஜையைப் பார்த்து, "இங்கிட்டு என்ன, தூக்கமா?" என்பார். முதலாளி காலத்தில் விரட்டுவதற்கு அவர் நேரில் வந்து கத்த வேண்டியிருந்தது. இப்போது போர்டே கத்தியது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் உண்டு. ஒரு தடவை மேடமே புதுக்கோட்டையிலிருந்து வந்து உட்கார்ந்தார். எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என்று கேட்டார். அக்கா எழுந்தார்.

"நாங்க சொல்ற தடங்கல எழுதி ஒட்டுறாங்க தாயி. மேனேஜர் கிழிச்சுப் போட்டுர்றாரு. ஒண்ணுக்குப் போக ஒரு ஆம்பளைக்கிட்டப் போயி சாவி கேட்டு நிக்கிறோம். ஒங்க ஆபீஸ்ல இப்படிக் கேட்பீங்களா?"

மேடத்தின் முகம் சிவந்தது. "ரொம்ப நல்ல பாயிண்ட். தைரியமா சொன்னீங்க, தேங்க்ஸ்" என்றார். எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினோம். மேனேஜரும் தட்டினார். கார் ஏறும்போது மேடம் அவரிடம், "நீங்களும் டீமும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் மேலேயிருந்து சொன்னா நல்லாருக்காது" என்றது என் காதில் விழுந்தது.

ஸ்பிரிண்ட் என்று அவர்கள் சொல்லும் அடுத்த இரண்டு வாரம் ஆரம்பிப்பதற்குள் அக்காவைக் கூடத்திலிருந்து எடுத்து, பின்பக்கம் ஓட்டுக் கழிவு அள்ளும் இடத்தில் போட்டார்கள். குழு மாற்றமாம். நாற்றமும் ஈயும் மொய்க்கும் அந்த இடத்தில் நிற்க நிழல்கூடக் கிடையாது. அக்கா அங்கேயும் போய் அள்ளினார். அவருடைய காண்டிராக்ட் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டேன். "டீம் மனப்பான்மை இல்ல. எல்லாரையும் நெகட்டிவ் ஆக்குது அந்தம்மா," என்றார் மேனேஜர். அப்படி எழுதிய தாளில் சூப்பர்வைசர் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். என் கையெழுத்து இல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

அன்றைக்கு மதியமே லீவு சொல்லிவிட்டு அறந்தாங்கி வழியாகப் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை. மேடம் அறையில் சுவர் முழுக்கக் கலர் கலராகச் சீட்டு.

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே மேடம்," என்றேன். ஒத்திகை பார்த்ததில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் ஆலை விஷயத்துல தலையிட்டா டீம் எப்படிச் சுயமா முடிவெடுக்கும்? அவங்கவங்க இடத்துல முடிவெடுக்கணும், அதுதான் இந்த முறையே."

"முடிவெடுத்தது டீம் இல்ல மேடம், மேனேஜர். டீம்ல ஒருத்தரக்கூடக் கேக்கல."

"ப்ராசஸ்ல கேப் இருக்கு, ஒத்துக்கறேன். கோச்சிடம் பேசுறேன்."

ஒரு மனுஷியின் வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். அவருக்கு அது கேப், முறையில் விழுந்த ஒரு சின்ன இடைவெளி. கொண்டுவந்து வைத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் நடந்ததை நான் ஏற்பாடு செய்யவில்லை. மேனேஜர் இன்றுவரைக்கும் நம்பவில்லை, ஆனால் அதுதான் உண்மை. வேனில் வரும்போதே அவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். முதல் பெண், வாயே திறக்காதவள், தன் முறை வந்ததும் சொன்னாள்:

"தடங்கல், கக்கூஸ் சாவி. இன்னொரு தடங்கல், அக்காவக் காணோம்."

அடுத்தவள் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டே போனேன். மேனேஜர் "போதும், வேலையப் பாருங்க" என்றார். "கூட்டத்துல எல்லாரும் பேசணும்னு சட்டம் சார், எம் முறை இன்னும் வரல" என்றாள் வட்டத்தின் அந்தப் பக்கம் இருந்தவள். போர்டில் இடம் தீர்ந்து சுவரில் ஒட்டினேன். வேகவைத்த நண்டு ஐஸில் கிடந்தது. உள்ளே ஒரு மேஜையில்கூடக் கத்தி அசையவில்லை. கடைசிப் பெண் பேசி முடித்ததும், "விடுபட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? மறுபடி மொதல்ல இருந்து வருவோம்" என்றார்கள். இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. போர்டைப் போட்டோ எடுத்து நானே தலைமை அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன், சுவரோடு சேர்த்து.

மேடத்தின் கார் வந்து சேரும்வரை சுற்று ஓடியது. அவர் இறங்கிச் சுவரைப் பார்த்தார். பூட்டை எடுக்கச் சொன்னார். அன்றைக்கே எடுத்தார்கள். பிறகு இன்னொரு கழிவறையும் கட்டினார்கள். அக்காவைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள், அவர் வரவில்லை. மேனேஜரை ஆலையிலிருந்து மாற்றினார்கள். அவரைத் தண்டித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்தில் அவருக்குப் புதுப் பதவி கொடுத்திருந்தார்கள். அஜைல் கோச்.

அந்த வருஷக் கடைசியில் அதே மண்டபத்தில் மறுபடி கூட்டம். மேடையில் அவர்தான். பெரிய திரையில் எங்கள் மஞ்சள் சுவரின் போட்டோ, நான் எடுத்தது. "கடைநிலைத் தொழிலாளர் குரலுக்குக் காதுகொடுத்து நம்ம ஆலையில நாங்க செஞ்ச மாற்றம்" என்று ஆரம்பித்தார். எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சீட்டக் கிழிச்சது நீங்க சார். சொன்ன பொம்பளைய ஓட்டுக் குப்பைக்கு அனுப்பி வெளிய தள்ளினதும் நீங்க. அத எந்த ஸ்லைடுல போட்டிருக்கீங்க?"

அவர் சிரித்தார். "பாருங்க, இந்த மாதிரி ஓப்பனா பேசுறதுதான் நம்ம கல்ச்சர்! ஒரு பெரிய கைதட்டல் குடுங்க" என்றார். மண்டபம் தட்டியது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டலைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

சாப்பாட்டு வேளையில் மேடம் என்னைத் தேடி வந்தார். "நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. "அவங்க வீட்டுக்கு வாங்க," என்றேன்.

வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அக்கா வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இப்போது அதுதான் அவர் தொழில். நாற்காலி போட்டு, கலர் வாங்கிவரச் சொல்லி, மேடம் மன்னிப்புக் கேட்டதை அக்கா முழுவதும் கேட்டார்.

"நான் வேலைக்கு வரல தாயி. வேற ஒண்ணும் வேணாம். மேடையில ஏறிப் பேசினாராமே அந்த ஆளு, அதே மேடையில ஏறி, தான் சொன்னது பொய்யின்னு அத்தன பேரு முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க. நான் வந்து கேட்டுட்டுப் போறேன்."

மேடம் தலையாட்டினார். அவர் காரிலேயே திரும்பி வந்தோம். மணமேல்குடி கடைத்தெருவைத் தாண்டும்போது, "அவர் இப்ப ஹெட் ஆபீஸ்ல இருக்கார். அவரப் போய் மேடையில... அது கொஞ்சம் கஷ்டம்," என்றார்.

கஷ்டமாம். ஒரு பொம்பளை சாவிக்காகக் கையேந்தி நின்றது கஷ்டமில்லை, ஓட்டுக் குப்பையை வெயிலில் அள்ளியது கஷ்டமில்லை. சட்டை கசங்காத ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு வரி உண்மை சொல்வது கஷ்டம். ஆலை வாசலுக்கு இன்னும் தூரம் இருந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். மேடம் கண்ணாடியை இறக்கி என்னமோ சொன்னார். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.