மூன்று விடைகளும் சரி

என் மகனின் கடனட்டைக் கணக்கைக் களவாகத் திறந்தவன் நான்தான். அல்பிரட் அல்ல!

இதை எழுத எனக்கு நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் பிடித்தன. முப்பத்தொரு ஆண்டுகள் தபாலதிபராக இருந்தவன் நான். எண்களில் எனக்குப் பிழை வராது. பிழை வேறு இடத்தில் வந்தது...

குகன் என் ஒரே பிள்ளை. தாயை இழந்தவன். கனடாவில் அல்பிரட்டும் அவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகவே நாட்டை விட்டுப் போனவர்கள். அல்பிரட்டின் தகப்பன் கடற்றொழிலாளி. தாய் திரேசம்மா இன்றும் இந்த ஊரில் மீன் விற்கிறாள்.

போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் குகன் ஒருமுறை வந்து போனான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓர் இன்ரநெற் கடையில் என்னைப் பக்கத்தில் இருத்தி மின்னஞ்சல் பழக்கினான். அப்போது தன் அட்டைக் கணக்கையும் திறந்து பார்த்தான். உள்நுழையும் பெயர், அவன் பெயரும் பிறந்த ஆண்டும். ஒருமுறை பார்த்ததை மறக்கிற ஆளா நான்? கடவுச்சொல்லை அடித்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாருங்கள், அன்று நான் நேர்மையானவன்!

திரும்பிப் போனவன் பேசவில்லை. நாற்பத்தேழு நாட்கள்! மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். பதில் இல்லை. ஒன்பது முறை தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

திரேசம்மாவிடம் கேட்டிருக்கலாம். அல்பிரட் அவளுடன் வாரந்தோறும் பேசுவான். எங்கள் வாசற் படலையிலிருந்து அவள் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடிகள். ஆனால், தபாலதிபர் ஒரு மீன்காரியின் வாசலில் போய் நின்று, 'என் மகன் சுகமாயிருக்கிறானா?' என்று கேட்பதா? ஊர் என்ன நினைக்கும்!

அதனால் நாற்பத்தெட்டாம் நாள் பட்டணத்துக்குப் பேருந்து ஏறினேன். வழியில் இராணுவக் காவலரணில் இறக்கி மூன்று கேள்விகள் கேட்டார்கள். பெயர் என்ன, ஊர் எது, எதற்காகப் போகிறாய். தயங்காமல் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கணினியும் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டது.

'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்ற இடத்தை அழுத்தியிருந்தேன். தாயின் கன்னிப் பெயர் என்ன? எங்கள் பெண்களுக்குத் தகப்பன் பெயர்தானே? என் மாமனாரின் பெயரை அடித்தேன். படித்த முதற் பள்ளிக்கூடம்? கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். முதலில் வளர்த்த பிராணியின் பெயர்? கப்பித்தான்! குகனும் அல்பிரட்டும் சேர்ந்து வளர்த்த, ஒரு காது மடிந்த நாய்.

மூன்றும் சரி. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் பிள்ளையை என்னைவிட அறிந்தவர் யார்!

புதிய கடவுச்சொல் ஒன்று கேட்டது. கொடுத்தேன். பழையது அந்த நொடியே செல்லாமற் போகும் என்பது எனக்குத் தெரியாது... இல்லை, இது பொய். திரையில் எழுதியிருந்தது. வாசித்தேன்.

தொகைகளை நான் பார்க்கவில்லை. திகதிகளைத்தான் எண்ணினேன். ஒரே கோப்பிக் கடையில் இருபத்தாறு தடவைகள். பெற்றோல் ஏழு தடவைகள். சினிமா நான்கு. அவன் உயிரோடு, சுகமாக இருந்தான். பேச நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஆறுதலாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? கோபம்தான் வந்தது.

ஐந்தாம் நாள் அவனே தொலைபேசி எடுத்தான்.

"அப்பா, அல்பிரட் என்ரை கணக்குக்குள்ளை பூந்திட்டான்! கேட்ட கேள்வியளுக்கெல்லாம் விடை சரியாம் எண்டு வங்கிக்காரர் சொல்லுகினம். கப்பித்தானை இஞ்சை வேறை ஆருக்குத் தெரியும்?"

எந்த நாட்டுக் கணினி என்று வங்கி சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. நான்... நானும் வாயைத் திறக்கவில்லை.

"வீட்டை விட்டு அனுப்பிப்போட்டன். இனி எனக்கு நீங்கள் மட்டும்தான், அப்பா. ஞாயிறு ஞாயிறு எடுப்பன்."

அந்த ஒரு வசனம் என் வாயை அடைத்துவிட்டது. இப்போது நீங்கள் என்னைச் சரியாக வெறுக்கலாம்.

அடுத்த கிழமை திரேசம்மா படலையில் வந்து நின்றாள். கூடையை இறக்கவில்லை.

"ஐயா, உங்கடை மோன் என்ரை பிள்ளையைக் கள்ளன் எண்டு கலைச்சுப்போட்டானாம். அவன் அப்பிடிச் செய்வானோ? நீங்களே சொல்லுங்கோ."

"ஆருக்குத் தெரியும் திரேசம்மா... வெளிநாடு மனிசரை மாத்திப்போடும்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"நாயின்ரை பேர் தெரிஞ்சவன்தான் கள்ளனாம். கப்பித்தானுக்கு மீன்தலை போட்டு வளர்த்தது நான். அப்ப நானும் கள்ளியோ ஐயா? அது கால் முறிஞ்சு கிடக்கேக்கை கட்டுப்போட்டது நீங்கள்... நீங்களும் கள்ளனோ?"

பகிடியாகத்தான் கேட்டாள். நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன்! கணக்கைத் திறந்தது பயத்தில் செய்த பிழை. இந்தச் சிரிப்புக்கு என்ன பெயர் வைப்பது?

அன்றிலிருந்து இருநூற்றுப் பதினாறு ஞாயிறுகள். குகன் தவறவிட்டவை இரண்டே இரண்டு. அல்பிரட் வேறு நகரத்துக்குப் போய்விட்டான். இருவரும் பேசுவதில்லை.

சென்ற ஞாயிறு குகன் சொன்னான்: "கேள்வியளை மாத்திப்போட்டன் அப்பா. சின்ன வயசிலை நெருங்கின சிநேகிதன் ஆர் எண்டு ஒண்டு."

"என்ன விடை குடுத்தனீ?"

"உங்களுக்குத்தானே, சொன்னால் என்ன? ஒருத்தருமில்லை எண்டு."

அந்த விடையும் இப்போது என்னிடம் இருக்கிறது. அது பிழை என்பதும் எனக்குத்தான் தெரியும்.

நாளை ஞாயிறு. எட்டேகாலுக்குத் திரேசம்மா தேவாலயத்துப் பூசைக்குப் போவாள். எங்கள் படலைப் பக்கம் திரும்பமாட்டாள். எட்டரைக்குத் தொலைபேசி அடிக்கும். இடையில் பதினைந்து நிமிடங்கள். ஒவ்வொரு வாரமும் அந்தப் பதினைந்து நிமிடங்களில் உண்மையைச் சொல்ல ஆயத்தமாகிறேன். முதல் வசனம் மனப்பாடம்.

"சாப்பிட்டீங்களோ அப்பா?" என்று கேட்பான்.

"ஓம்" என்பேன்.