கிரேன்காரர் பேசிய இரண்டு நிமிடம்

டவர் கிரேன் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு பதினாறு வருஷம் ஆகியும், அவர் மேலே உட்கார்ந்து என்ன பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்காமல் இல்லை. கேட்டால், "எல்லாம் சின்னதா தெரியும்" என்பார். அதோடு சரி.

கட்டட வேலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'தந்தி'. தந்தியில் எழுதுவதுபோல வார்த்தையை எண்ணி எண்ணிப் போடுகிற மனுஷன். அவளோ அதற்கு நேர் எதிர். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை. பயந்து நடுங்கி வருகிறவர்களைப் பேச்சிலேயே பாதி மயக்கி உள்ளே அனுப்புவாள். "ஊசி எதுக்கு, வெளியில இருக்கிற அம்மாவே போதும்" என்று டாக்டரம்மா சிரிப்பார்.

ஒரு நாள் அவர் படிக்கப் போடும் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கொடுக்கப் போனவள் வேலை நடக்கும் இடத்தின் வேலிக்கு வெளியே அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வீட்டுச் சுவர் அளவு கண்ணாடிப் பலகை ஆகாயத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சிக்னல்காரரின் வாக்கிடாக்கியில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேச்சு. "கீழ. கீழ. மெதுவா. நில்லு." மேலிருந்து அவள் புருஷனின் குரல், "சரி." கையை நீட்டி நின்ற இரண்டு வேலையாட்களுக்கு நடுவே, உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டு, அந்தக் கண்ணாடி அசையாமல் நின்றது. எழுபது மீட்டர் உயரத்திலிருந்து ஓர் ஆள் அப்படி இறக்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். அன்று சாயங்காலம் வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசினாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் இரண்டே வார்த்தை.

"காத்து இல்ல."

இப்படிப்பட்டவருக்குப் பேச்சுப் பரீட்சை வந்து சேர்ந்தது. கிரேனுக்கு ஏறும் ஏணியில் இருநூற்று முப்பது படி. இருபது வருஷம் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிசயம் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. தரையில் நின்று செய்கிற வேலை. பல நாட்டு ஆட்கள் படிக்க வருவார்கள் என்பதால், ஆங்கிலப் பரீட்சையில் எல்லாப் பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறரை வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி.

படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் ஏழுக்குக் குறையவில்லை. கிரேன் கையேடுகளை ஆங்கிலத்திலேயே கரைத்துக் குடித்தவர். பேச்சில் மட்டும் ஐந்து. திரும்பப் போனார். திரும்பவும் ஐந்து.

"என்னதான் கேட்டாங்க? நீங்க என்னதான் சொன்னீங்க?" என்றாள்.

"வேலை பிடிக்குமான்னாங்க. யெஸ் சொன்னேன். ஏன்னாங்க. குட் வியூன்னேன்."

"அப்புறம்?"

"கேள்வி கேட்ட அம்மா என் முகத்தையே பார்த்தாங்க. நானும் அவங்க முகத்தையே பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாளே கேள்விப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, செல்போனில் இரண்டு நிமிடம் வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். பரீட்சையில் ஒரு விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் விடாமல் பேச வேண்டும். பதினெட்டு விநாடி. இருபது விநாடி. ஒரு நாள் முப்பத்தொன்று வரை போனார். அதில் பாதி இருமல்.

ஒருவேளை ஆங்கிலம்தான் தடுக்கிறதோ என்று, "சரி, தமிழ்லயே சொல்லுங்க. நம்ம கல்யாண நாளைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

அவர் யோசித்தார். "நடந்துச்சு" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழை" என்று சேர்த்துக்கொண்டார்.

வயிறு வலிக்கச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். குறை ஆங்கிலத்தில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஏங்க இப்படி? பேசவே பிடிக்கலையா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "வேலைக்குச் சேர்ந்த புதுசு. கீழ இருந்தவர், 'இன்னும் கீழ வேண்டாம்'னு சொன்னார். வாக்கிடாக்கி இரைச்சல்ல எனக்கு 'இன்னும் கீழ'ங்கிறது மட்டும்தான் கேட்டுச்சு. இறக்கிட்டேன். ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு. 'நில்லு'ன்னு ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்காது."

பதினாறு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. புத்தகத்தை மூடி வைத்தாள். சுபாவம் என்று இத்தனை காலம் கேலி செய்தது ஒரு மனுஷன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட பூட்டு என்று இப்போது தெரிந்தது.

மூன்றாம் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று காலை மூடுபனி இறங்கி ஊரே காணாமல் போயிருந்தது. தட்டுத் தடுமாறி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவள், விளக்கைப் போட்டுவிட்டு யாரும் வராத வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. அவர்தான். வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாரே என்று பதறிப்போய் எடுத்தாள்.

"மேல இருக்கேன். பனி. வேலை நிக்குது."

"அப்பாடா, பயந்தே போயிட்டேன். இங்கயும் ஒண்ணும் தெரியல. உங்களுக்கு?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

வழக்கம்போல அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சுற்றிலும் பார்க்கிறார் என்று புரிந்தது. அவளுக்கே ஆச்சரியமாக, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஊர் இல்ல" என்றார் அவர். "வெள்ளையா இருக்கு. எனக்கு அஞ்சாறு மீட்டருக்குக் கீழ வரைக்கும் பனி. அதுக்கு மேல துளி இல்ல, சுத்த நீலம். இன்னும் மூணு கிரேன் மட்டும் தலையை நீட்டிக்கிட்டு இருக்கு. எல்லாம் வேற வேற கம்பெனி. நேர்ல பார்த்ததே இல்ல. ஆனா பனி நாள்ல ஒருத்தருக்கொருத்தர் கையைக் காட்டுவோம். அதோ, கிழக்குல இருக்கிறவர் இப்பக் காட்டுறாரு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முதுகுப் பக்கம் வெயில் அடிக்குது. என் நிழல் பனி மேல விழுந்திருக்கு. கிரேன், கேபின், உள்ள நான், எல்லாம் பெரிசா. என் தலையைச் சுத்தி வானவில் வட்டமா நிக்குது. பாதி இல்ல, முழு வட்டம். நான் கையைத் தூக்கினா நிழலும் தூக்குது. வட்டம் மட்டும் அப்படியே இருக்கு."

"நிஜமாவா?"

"இதோட மூணாவது தடவை. முதல் தடவை கண்ணு கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். அப்புறம் ஒரு புத்தகத்துல படிச்சேன். அவங்கவங்க நிழலைச் சுத்தி இருக்கிறது அவங்கவங்களுக்குத்தான் தெரியுமாம். அந்தக் கிழக்குக்காரரும் இப்ப அவர் வட்டத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாரு. என்னுது அவருக்குத் தெரியாது."

டாக்டரம்மா எப்போது உள்ளே வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. கைப்பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் போனில் சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "என்னங்க, இதையே இங்கிலீஷ்ல சொல்றீங்களா? நான் குறுக்க பேசமாட்டேன்."

அவர் சொன்னார். சின்னச் சின்ன வாக்கியம்தான். ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்தது. பனி எப்படி முதலில் ஓரங்களில் கிழிகிறது, ஒரு கூரை, பிறகு ஒரு தெரு, பிறகு ஒரு பேருந்து என்று ஊர் எப்படித் துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது, சத்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் மேலே வந்துவிடுவது எப்படி. இரண்டு பெண்களும் பனி அப்பியிருந்த ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். தினமும் டிபன் டப்பாவைக் கழுவி வைக்கிற தன் வீட்டு மனுஷன் இதையெல்லாம் பார்த்துவிட்டா ராத்திரி வந்து "சாப்பாடு போடு" என்று இரண்டு வார்த்தையில் உட்கார்ந்தார் என்று நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"கீழேருந்து சிக்னல் வந்துடுச்சு" என்று போனை வைத்துவிட்டார். ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

பரீட்சை நாளன்று அவளும் கூடப் போனாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தவரின் முகம் வெளிறிக் கிடந்தது. போச்சு என்றே நினைத்தாள்.

"என்ன ஆச்சு? என்ன கேட்டாங்க?"

"ரொம்ப நேரம் காத்திருந்த ஒரு சமயத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க."

"பனியைச் சொன்னீங்களா?"

"இல்ல. விரல் போனவரைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சதும் கட்டுப்போட்ட கையோட வெளியில வந்து, 'நீ சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேட்டார். அதைச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, தானே நம்பமுடியாதவர்போல் அவளைப் பார்த்தார். "முடிக்கவே இல்லம்மா. அவங்கதான் தேங்க் யூ, போதும்னு சொன்னாங்க. என்னையப் போய் நிறுத்தினாங்க!"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வந்தது. வேலையும் கிடைத்தது. முதல் நாள் பயிற்சி வகுப்பில் பதினோரு பேர், ஐந்து பாஷைக்காரர்கள். நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. வெந்நீரை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்காவது சும்மா இருங்க" என்றாள் அவள். அவர் தலையாட்டினார். ஒரு வாய் குடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, காற்றுக் குரலிலேயே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பற்றி ஆரம்பித்தார்.