லேபிளில் என் மகள் பெயர்

அந்தப் புத்தகத்துக்குப் போட்ட அட்டையை அன்றே ஏன் கழற்றவில்லை? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். அந்த ஞாயிறு, பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேசினோம். முகப்பில் அவர் முகமே இருந்தது. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று, மகளின் பாடப்புத்தகம் போலப் பிரவுன் ஷீட் அட்டை போட்டு, அவள் பெயரும் வகுப்பும் எழுதிய லேபிளையும் ஒட்டியிருந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் தையல்காரப் பெண். என்னைவிடச் சின்னவள், ஒல்லி. கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைத்தான் படித்த பக்கத்தில் அடையாளமாக வைப்பாள். அவள் தன் புத்தகத்துக்கு அட்டை போடவே இல்லை. பஸ்ஸில் எல்லார் எதிரிலும் படித்தாளாம்.

எழுதியவரின் துணிச்சலைப் புகழ்ந்து நான் நீளமாகப் பேசி உட்கார்ந்ததும், என் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, ரெண்டாங்கிளாஸ் பாடமா?"

"மாமியார் பார்த்தா ஜாஸ்தி கேள்வி கேப்பாங்க."

"எழுதினவங்களே மூஞ்சியக் காட்டிட்டாங்க. நீங்க எதுக்குக்கா மூடறீங்க?"

கூசிப்போனேன். ஆனாலும் அப்படியே கொண்டுவந்து பீரோவில் வைத்தேன்.

நேற்று மகள் அதை எடுத்துவந்து, "அம்மா, என் பேர் போட்ட புக்க ஏன் ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள். அவளுக்கு ஏழு வயது.

என்ன பதில் சொல்வதென்று தையல்காரப் பெண்ணிடமே கேட்கலாம்; ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. மகளிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.