ஒரு ஃபேனுக்குக் கீழே இரண்டு அறை

விமான் நகரில் எங்கள் வீட்டுக்கு ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வருடம். ஞாயிறு மதியங்களில் கேபிளில் ஒரு வெளிநாட்டு நிகழ்ச்சி வரும். ஒரு குடும்பத்தை இரண்டு நாள் எங்கோ அனுப்பிவிட்டு, அவர்கள் வீட்டை உடைத்து, மாற்றி, வர்ணம் பூசி வைப்பார்கள். திரும்பி வருகிறவர்களைக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து காட்டுவார்கள். அவர்கள் அழுவார்கள். சாப்பிட்ட மயக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, சுவரெல்லாம் திரைச்சீலை மாதிரி, கையால் ஒதுக்கினால் ஒதுங்கிவிடும் என்று தோன்றும்.

அந்த வருடம் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பதினைந்து வயது. தப்பு என்னுடையதுதான். யார் என்ன அழகாகச் சொன்னாலும் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு. அவள் நோட்டில் மழையைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியை, சாப்பிட வந்திருந்த ஆபீஸ் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். தண்ணீர் ஜக்கோடு சமையலறை வாசலில் நின்றவள் அப்படியே திரும்பிப் போனாள். அதோடு சரி. அம்மாவிடம் மட்டும் ஒன்று கேட்டாளாம்: "எனக்குன்னு ஒரு ரூம் வேணும். கதவு வெச்சது."

பள்ளியில் அவள் வகுப்பை இரண்டு நாள் மஹாபலேஷ்வருக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். டிவிக்காரர்களுக்கும் இரண்டு நாள்தானே! ப்ளைவுட், மரச்சட்டம், ஆணி எல்லாம் வாங்கினேன். "மிஸ்திரியைக் கூப்பிடுங்க அங்கிள்" என்று கடைக்காரர் ஹிந்தியில் மூன்று தடவை சொன்னார். நான் கேட்டால்தானே. ஹாலின் தரையை அளந்து, சரியாக நடுவில் சாக்பீஸால் கோடு போட்டேன். அவளுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. ரம்பம் இழுக்க இழுக்க மரத்தூள் ஜன்னல் வெயிலில் எழும்பி, கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே பாதி நாள் போயிற்று.

மறுநாள் சட்டத்தை நிமிர்த்தும்போது மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி கேட்டாள்.

"ஏங்க, மேல பாத்தீங்களா?"

பார்த்தேன். கோட்டுக்கு நேர் மேலே சீலிங் ஃபேன்.

"அந்த ஊர்ல ஃபேனே கெடையாதுங்க. அதான் டிவில உங்களுக்குச் சொல்லலை."

வேறு வழியில்லை. தடுப்பின் உச்சியில் இரண்டடியை அறுத்து எடுத்தேன். ஒரே ஃபேன் இரண்டு அறைக்கும் பொதுவாகச் சுற்றியது. சுவிட்சும் ரெகுலேட்டரும் எங்கள் பக்கச் சுவரில்.

மகளை அம்மா கண்ணைப் பொத்திக் கூட்டிவந்தாள். கையை எடுத்ததும் பலகையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் காற்று வேண்டுமென்றால் வெளியே வருவாள், என்னைப் பார்க்காமலே ரெகுலேட்டரைத் திருகுவாள், போய்விடுவாள்.

ஏப்ரலில் ஒரு மதியம். மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். தடுப்புக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஃபேன் தோடா கம் பண்ணுங்க. பேப்பர் பறக்குது."

வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னிடம்தான். எழுந்து ஒரு புள்ளி குறைத்தேன். றெக்கை வேகம் குறைவதற்குள் மறுபடியும் குரல்.

"அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

அதே நேரம் பக்கத்து லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் எழும்பியது. எங்கள் பகுதியில் விமானம் போகும்போது பேச்சு காத்திருக்க வேண்டும். ப்ளைவுட் நடுங்கியது.

சத்தம் தேய்ந்த பிறகு சொன்னேன். "நல்லா இருந்துச்சும்மா. எனக்கெல்லாம் அப்படி எழுத வராது. அத உன்கிட்டச் சொல்லாம அவங்களுக்குப் படிச்சுக் காட்டிச் சிரிச்சேன். தப்புதான்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை.

"ஸாரி சொல்றதுக்கு ஒரு சுவரே கட்டுவீங்களா? அதுவும் முக்கால் சுவர்!"

சிரித்தாள். எத்தனை மாதம் ஆகியிருந்தது அந்தச் சிரிப்பைக் கேட்டு. இன்னும் ஏதாவது சொல்லுவாளா என்று ரெகுலேட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.