குதிகால் உயர்த்தி நின்ற அக்கா

எங்கள் அக்கா மலாயாவில், லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பாதத்தில் வளைவில்லாமல் பிறந்தார். ஈரக்காலோடு சிமெண்டில் நடந்தால் முழுப் பாதமும் பதியும். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவருக்கு வைத்த பெயர் 'வாத்து'. அதை இந்த நன்றி அறிவிப்பில் மறைக்கப்போவதில்லை, அக்காவே மறைத்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், தம்பி தங்கைகள் எங்கள் மூவரையும் காப்பாற்றியது அக்காவின் ரப்பர்ப் பால்வெட்டுத்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்களின் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. பால் வெட்டப் போனவர்கள் பகல் சங்கு ஊதுமுன் வேலிக்குள் திரும்பிவிட வேண்டும். கணுக்கால் வீங்க, தோளில் பால் வாளிகளோடு அக்கா எல்லாருக்கும் கடைசியாக வருவார். இருமுறை சங்கு முந்திக்கொண்டது.

"இன்னொரு தடவ லேட்டாச்சு, லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரு" என்றார் மண்டோர். நால்வருக்கும் போக வேறு கூரை கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா பாதத்தை அழுத்திப் பார்த்தார். "எலும்ப மாத்த முடியாதும்மா. சதையப் பலமாக்கலாம். குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கு. கால் விரலால ரப்பர் கொட்ட பொறுக்கு. ஒருநாள்கூட விடாத."

விடவில்லை. மரத்தில் பால் இறங்கும் நேரமெல்லாம் கொட்டைகளைக் கால்விரலால் கவ்வி, பால் பிடிக்கும் உடைந்த மங்கு ஒன்றில் போட்டார்.

"கோழியாட்டம் பொறுக்குறியே, முட்ட வைப்பியா?" என்பார் பக்கத்து மர நிரையில் பால் வெட்டும் மாரியக்கா.

"வச்சா ஒனக்குத்தான் லா மொதல்ல."

மாதங்கள் போயின. வலி குறைந்தது, நடை கூடியது. ஒரு நாள் சங்குக்கு முன்பே வந்துவிட்டார். தூரத்தில் அவரைக் கண்டதுமே மண்டோர் வேலிக் கதவைச் சாத்தவைத்தார்.

"சங்கு இன்னும் ஊதல. தொறங்க."

"ஊதுன மாதிரிதான். போ வாத்து!"

அக்கா கெஞ்சவில்லை. வாளிகளை இறக்கினார். கதவுக் கம்பியைப் பிடித்தார். குதிகாலை உயர்த்தினார். "ஒண்ணு!" இறக்கினார். உயர்த்தினார். "ரெண்டு!" உள்ளே சோதனைக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டு வரை தனிக்குரல். "பதிமூணு!" என்றார் வரிசையிலிருந்து மாரியக்கா. பிறகு வரிசை முழுதும் எண்ணியது. ஐம்பத்தெட்டில் சங்கு ஊதியது.

"அம்பத்தெட்டு எண்ணியாச்சு, இப்பத்தான் சங்கு. நானா லேட்டு?"

காவலுக்கு நின்ற மலாய்க்காரர் சிரித்துவிட்டு, "மாசோக் லா", உள்ளே வா என்று கதவைத் திறந்துவிட்டார். லயத்து வீடு தங்கியது.

அக்காவின் பாதத்தில் வளைவு கடைசிவரை வரவில்லை. வராமல் போகட்டும்! அந்தத் தட்டைப் பாதங்கள்மேல்தான் நாங்கள் மூவரும் வளர்ந்தோம். சிரம்பான் ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச்சு நின்ற பிறகும், போர்வைக்குள் அந்த விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

பாடை சுமந்த தோள்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட கைகளுக்கும் நன்றி. தள்ளாத வயதில் பஸ் ஏறி வந்து, அக்காவின் காலடியில் நின்று "பதிமூணு" என்று அழுத மாரியக்காவுக்குத் தனி நன்றி. கதவைச் சாத்தியவரைச் சபிக்க மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம். அக்கா அன்று நேரத்தோடு வந்தார். அதை அச்சில் ஏற்றுகிறோம்.