ஹோல்டில் கிடந்த அஞ்சல்கள்

குழாய் உதிரிகள் விற்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளைக் கேட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வாசலில் நிற்பவள் அல்ல. மூன்றாவது மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கிடக்கும் மேசை அவளுடையது. கம்பெனிக்கு வரும் மின்னஞ்சலும் அங்கிருந்து போகும் மின்னஞ்சலும் கேட்வே என்ற ஒரே இயந்திரத்தின் வழியாகத்தான் போயாகவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அஞ்சல் போகாத அன்றுதான் மற்றவர்களுக்கு அவள் ஞாபகம் வரும்.

"கேட் அக்கா, காலையில அனுப்புன கொட்டேஷன் போய்ச் சேரலையாம். முழுங்கிட்டீங்களா?"

"எனக்கு அதெல்லாம் செரிக்காதுப்பா. அவங்க பெட்டி நிரம்பி வழியுது. காலி பண்ணச் சொல்லு, தானா போகும்."

சொன்னபடியே போகும். கேட்வேக்குள் ஒவ்வோர் அஞ்சலும் ஒரு கோப்பு. வந்து இறங்கியதும் இன்கமிங் என்ற ஃபோல்டரில் இருக்கும். அனுப்பும் முறை வந்ததும் ஆக்டிவுக்கு மாறும். எதிர்முனை கதவைத் திறக்காவிட்டால் டெஃபர்டில் காத்திருந்து, இடைவெளி விட்டு விட்டு முயலும். கூட்டம் சேர்ந்தால் தேட நேரமாகும் என்று டெஃபர்டுக்குள் கோப்புப் பெயரின் முதல் எழுத்துப்படி பதினாறு சிறு ஃபோல்டர்கள். இத்தனை மாறியும் கோப்பு ஹார்ட் டிஸ்கில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதன் பெயர் எந்த ஃபோல்டரின் பட்டியலில் இருக்கிறது என்பது மட்டும் மாறும். ஐந்து நாள் முட்டிப் பார்த்தும் முடியாவிட்டால், காரணம் எழுதிய குறிப்போடு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அந்தக் குறிப்பு ஒரு மரியாதை என்பது அவள் எண்ணம். போகவில்லை என்றால் போகவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

ஹோல்டு என்ற ஃபோல்டர் மட்டும் வேறு ரகம். அதற்குள் போன அஞ்சலை இயந்திரம் தொடாது. அனுப்ப முயலாது, திருப்பவும் செய்யாது, நாள் கணக்கும் பார்க்காது. ஓர் ஆள் வந்து கை வைக்கும்வரை அப்படியே கிடக்கும்.

அவள் கணவர் அதே கம்பெனியில் முதல் மாடியில், கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தார். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பேருந்துக்கு நின்றிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, அவருடைய அஞ்சல் பெட்டியை மூடச் சொல்லும் உத்தரவு மேசைமேல் இருந்தது. மூடிய பெட்டிக்கு வரும் அஞ்சல், 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்ற குறிப்போடு திரும்பும். வேலையை விட்டுப் போன எத்தனையோ பேருக்கு அவளே அதைச் செய்திருக்கிறாள். இவருக்குச் செய்யக் கை வரவில்லை. பெட்டியை மூடினாள். ஆனால் கேட்வேயில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த முகவரிக்கு வருவதெல்லாம் ஹோல்டுக்கு.

யாரும் கேட்கவில்லை. அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்கிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான்.

தினமும் ஏதாவது வந்தது. வால்வு விலைப்பட்டியல், கண்காட்சி அழைப்பு, காப்பீட்டுக்காரரின் பிறந்தநாள் வாழ்த்து. பையைக் கழற்றி வைத்ததும் அவள் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். அனுப்பியவர், பெறுபவர், அளவு, தேதி. உள்ளே இருப்பதைப் படிக்க ஒரு கட்டளை போதும். யாருடைய அஞ்சலையும் அவள் அப்படிப் படித்ததில்லை, இவருடையதையும் படிக்கவில்லை. பெறுபவர் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அனுப்பியவர் இடத்தில் ஒரு முகவரி அடிக்கடி தென்பட்டது. அது, கணவர் யானைக்காரர் என்று பேர் வைத்திருந்த நண்பருடையது. வேறோர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக். கணவரோடு அஞ்சலிலேயே சதுரங்கம் ஆடியவர். நாளுக்கு ஒரு நகர்த்தல். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, போனில் பேசியதும் இல்லை. "ராஜாவைக்கூடக் கொடுப்பான், யானையைத் தொட விடமாட்டான்" என்று கணவர் சாப்பாட்டுக்கு நடுவே சொல்லிச் சிரிப்பார். அந்த அஞ்சல் முதலில் தினமும் வந்தது, பிறகு வாரம் ஒன்று, பிறகு எப்போதாவது.

கோடையில் பழைய கேட்வேயை மாற்ற முடிவானது. அந்த நாள் வந்ததும் புது மேனேஜர் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, சாயங்காலம் பழசை அணைச்சிடுவோம். எல்லாம் காலியா?"

"டெஃபர்டுல கொஞ்சம் இருக்கு. மதியத்துக்குள்ள போயிடும்."

"ஹோல்டு?"

அவன் திரையை எட்டிப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். அது யாருடைய பெயர் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆபீஸில் யாருக்குத்தான் எது தெரியாது.

"அழிக்கிறதோ அனுப்புறதோ உங்க இஷ்டம். ஆனா புது மெஷின்ல அந்த வரி வேண்டாம்க்கா. நான் கேட்க மாட்டேன், ஆடிட்காரன் கேட்பான்."

"கேட்கட்டுமே."

"என்னைத்தானே கேட்பான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் போனபிறகு விலைப்பட்டியல்களையும் வாழ்த்துகளையும் ஒரே கட்டளையில் அழித்தாள். யானைக்காரருடையவை மட்டும் மிஞ்சின. அழித்தால் அந்த மனிதருக்கு என்றைக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. விடுவித்தால், 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்ற வரி ஒரு கட்டாகப் போய் அவர்மேல் விழும். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. தன் முகவரியிலிருந்தே எழுதினாள்:

'உங்களோடு சதுரங்கம் ஆடியவரின் மனைவி நான். அவர் மழைக்காலத்திலேயே இறந்துவிட்டார். நீங்கள் அனுப்பியதையெல்லாம் நான்தான் நிறுத்தி வைத்தேன். உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.'

அடியில் போன் நம்பர் போட்டாள். அஞ்சல் இன்கமிங், ஆக்டிவ் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிப் போயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, நான்தான். லிஃப்ட் வேலை செய்ற ஆளு. லிஃப்டுக்கு மேலதான் நிக்கிறேன். இரு, உக்காந்துக்கறேன்."

"மெதுவா உக்காருங்கண்ணே."

"நான் அவன் ராணிய வெட்டினேன். அதோட பதிலே நின்னுபோச்சு. ரோஷம் வந்துடுச்சு போலன்னு நெனச்சேன். அப்புறம் கண்டபடி எழுதிட்டேன் தங்கச்சி. தோத்தாங்குளி, கோழைன்னு என்னென்னவோ. மெயில் திரும்பி வந்திருந்தா ஏதோ ஆச்சுன்னு புரிஞ்சிருக்கும். ஒண்ணுகூடத் திரும்பலையே. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் கல்லு மாதிரி இருக்கான்னு இன்னும் கோவம்."

அவள் குழாயை மூடினாள்.

"அது என்னாலதாண்ணே. திருப்பி அனுப்பினா அவர் இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்னு இருந்துட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"நீ படிச்சியா?"

"இல்லண்ணே."

"ஒண்ணுகூடவா?"

"யார் அனுப்பினாங்கன்னு மட்டும்தான் பார்ப்பேன்."

"அப்போ படிக்காத. அழிச்சிடு. அவனுக்குப் போய்ச் சேராத வசவு வேற யாருக்கும் சேர வேண்டாம்."

"சரிண்ணே."

"இப்பவே."

"போனை வைக்காதீங்க."

மேசைக்கு வந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டளையைத் தட்டினாள். ஹோல்டு காலி என்று திரை சொன்னது. அவரிடம் சொன்னாள். அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, கீழே யாரோ கத்திக் கூப்பிடவும், "வரேன் தங்கச்சி" என்று வைத்தார்.

சாயங்காலம் பழைய இயந்திரத்தை அணைத்தார்கள். புதியதில் அவள் அந்த வரியைச் சேர்க்கவில்லை. மறுநாள் காலை அதன் பதிவுகளைப் புரட்டினாள். அதிகாலையில், கணவருக்கு எழுதிய ஒரு பம்பு கம்பெனிக்கு, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று தெரிவிக்கப்பட்டிருந்தது. அதைக் கடைசிவரை படித்துவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள்.